கப்பலேறியவரைத் தேடுவோர்க்கு: நூலகப் பதிவைப் படிக்கும் முறை

அக்கரைச் சீமைக்குப் போன முன்னோரைத் தேடி நூலகத்துக்கு வருகிறவர்கள், உள்ளே நுழைந்ததும் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் பின்பக்க அகராதியில் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தேடுகிறார்கள். பெயர் இருக்காது. மனம் சோர்ந்து, 'நம்மைப் போன்றவர்களை எவன் எழுதி வைத்தான்' என்று திரும்பிவிடுகிறார்கள். ஆனால் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறிய ஏழை உழவரைப் பற்றி அக்காலத்து அரசு எழுதி வைத்த அளவுக்கு, ஊரிலேயே இருந்துவிட்ட அவருடைய தம்பியைப் பற்றி எங்கும் எழுதவில்லை. தடை வேறிடத்தில் இருக்கிறது. எடுத்த புத்தகம் பெயர்ப் பட்டியல் அல்ல. அதை நூலகப் பதிவே சொல்லியிருக்கும், யாரும் படிப்பதில்லை.

நூலகப் பதிவு என்பது பழைய நாளில் மரப்பெட்டியில் இருந்த பட்டியல் அட்டை. இன்று கணினித் திரையில் வருகிறது. ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, ஆண்டு, பக்கம், குறிப்பு, பொருள் தலைப்பு, அழைப்பு எண் என்று பத்து வரிக்குள் முடிந்துவிடும். புத்தகம் எதிலிருந்து எடுத்து எழுதப்பட்டது, எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் நிற்கிறது, மூல ஆவணம் எந்த ஊரில் இருக்கிறது என்ற மூன்று கேள்விக்கும் அந்தப் பத்து வரியிலேயே பெரும்பாலும் பதில் இருக்கும். இந்த மூன்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளாமல் எந்தப் புத்தகத்தையும் கேட்டு வாங்காதீர்கள்.

விளக்கத்துக்கு நேட்டாலை எடுத்துக்கொள்கிறேன். இன்றைய தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணம் அது. 1860 அக்டோபரில் சென்னையை விட்டுக் கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல், நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தத்தில் போய்ச் சேர்ந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போன தமிழரும் தெலுங்கரும். அவர்களைப் பற்றிய கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. அதனால் கற்றுக்கொள்ள ஏற்ற இடம் நேட்டால்தான்.

வருஷத்தை முதலில் கட்டுங்கள்

நம் வீடுகளில் ஆங்கில ஆண்டு நினைவில் இருப்பதில்லை. 'தாது வருஷப் பஞ்சத்தில் போனார்' என்று பாட்டி சொல்லியிருப்பார். தாது வருஷம் 1876 சித்திரையில் பிறந்தது. பஞ்சம் 1878 வரை நீடித்தது. இந்த ஒரு கணக்கே பல கதவுகளை மூடிவிடும், சிலவற்றைத் திறந்துவிடும். அந்த ஆண்டுகளில் நேட்டாலுக்குக் கப்பல் போனது, மொரீசியசுக்கும் போனது. இலங்கைக்குப் பெருங்கூட்டமாகப் போனார்கள். ஃபிஜிக்குப் போகவில்லை. ஃபிஜியின் முதல் கப்பலான 'லியோனிடாஸ்' 1879-இல் கல்கத்தாவிலிருந்துதான் போனது, சென்னையிலிருந்து ஆள் எடுப்பது 1903-இல்தான் தொடங்கியது. ஆக, தாது வருஷத்தில் ஃபிஜிக்குப் போனார் என்று குடும்பத்தில் வழங்கினால், வருஷமோ நாடோ ஒன்று மாறியிருக்கிறது.

நேட்டாலுக்குள்ளேயே ஓர் இடைவெளி உண்டு. 1866-க்குப் பிறகு ஆள் எடுப்பது நின்றுபோய் 1874-இல்தான் மறுபடி தொடங்கியது. முதல் தொகுதியில் போனவர்கள் சிலர் 1871-இல் சென்னை திரும்பி, தோட்ட முதலாளிகள் தங்களை நடத்திய விதத்தைப் பற்றி முறையிட்டார்கள். விசாரணைக் குழு வைத்து, குடியேறியவர்களுக்குக் காப்பாளர் ஒருவரை நியமித்த பிறகே கப்பல் ஓடியது. 1870-இல் நேட்டால் போனதாகக் குடும்பக் கதை இருந்தால், இந்த எட்டாண்டு வெற்றிடத்தை மனத்தில் வைத்து அந்தக் கதையை மறுபடி விசாரியுங்கள். அந்த முறையீட்டைச் செய்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பது என் எண்ணம். பின்னால் வந்த ஆவணங்கள் ஓரளவு ஒழுங்காக இருப்பதற்கு அவர்களும் ஒரு காரணம்.

மூன்று புத்தகம், மூன்று பதிவு

நேட்டால் பற்றித் தேடினால் முதலில் கண்ணில் படக்கூடிய மூன்று நூல்களை வைத்துப் பார்ப்போம்.

ஒன்று, சுரேந்திர பாணா எழுதிய 'இண்டென்சர்டு இண்டியன் எமிக்ரண்ட்ஸ் டு நேட்டால், 1860-1902'. புது டெல்லியில் 1991-இல் வெளிவந்தது. இதன் துணைத்தலைப்பு, கப்பல் பட்டியல்களை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு என்று சொல்கிறது. 'கப்பல் பட்டியல்' என்ற சொல்லைப் பார்த்ததும் பெயர்கள் இருக்கும் என்று பாய்ந்துவிடக்கூடாது. 'ஆய்வு' என்ற சொல்லும் பக்கத்திலேயே இருக்கிறது. எந்த ஜில்லாவிலிருந்து எத்தனை பேர், எந்த வயதில், எந்தச் சாதியினர் என்று எண்ணிச் சொல்வது அதன் வேலை. இன்னொன்றையும் தலைப்பே காட்டிக்கொடுக்கிறது. கணக்கு 1902-இல் நிற்கிறது. ஆனால் கப்பல்கள் 1911 வரை ஓடின. உங்கள் முன்னோர் 1905-இல் போயிருந்தால் அவர் இந்தக் கணக்கிலேயே இல்லை.

இரண்டாவது, ஒய். எஸ். மீர் தொகுத்து 1980-இல் வந்த 'டாகுமெண்ட்ஸ் ஆஃப் இண்டென்சர்டு லேபர்: நேட்டால் 1851-1917'. இது சட்டங்கள், கடிதங்கள், விசாரணை அறிக்கைகள் அடங்கிய தொகுப்பு. தனிமனிதரின் பிறந்த ஊர் இதில் கிடைக்காது. ஆனால் அவர் எந்தச் சட்டத்தின் கீழ் போனார், ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, திரும்பிவர இலவசக் கப்பல் எப்போது கிடைக்கும் என்பதெல்லாம் இதில்தான் தெளிவாகும். மூன்றாவது, ஜாய் பிரெய்ன் 1983-இல் வெளியிட்ட 'கிறிஸ்டியன் இண்டியன்ஸ் இன் நேட்டால், 1860-1911'. பதிவில் உள்ள தலைப்பே எல்லையைப் போட்டுவிடுகிறது. குடும்பம் கிறிஸ்தவக் குடும்பமானால் முதலில் இதைக் கேளுங்கள்.

இந்த விஷயத்தில் ஃபிஜிக்காரர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. பிரிஜ் வி. லால் எழுதிய 'கிர்மிட்டியாஸ்' (1983) அந்தத் துறையின் தலைசிறந்த நூல். 45,000-க்கு மேற்பட்ட குடியேற்றப் பாஸ்களை ஒவ்வொன்றாகப் படித்து எழுதப்பட்டது. ஆனால் அவை அத்தனையும் கல்கத்தா வழியாகப் போன வட இந்தியர்களின் பாஸ்கள். சென்னையில் கப்பலேறியவரை அதில் தேடிப் பயனில்லை. சுவாவிலுள்ள ஃபிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் மூலப் பாஸ்களுக்கோ, அவற்றின் மைக்ரோஃபிலிம் பிரதிகளுக்கோதான் போக வேண்டும்.

மைக்ரோஃபிலிம் என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும். பதிவில் பக்க எண்ணிக்கை வர வேண்டிய இடத்தில் 'ரீல்' என்று வந்தால் அதை அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அதுதான் நீங்கள் தேடும் பெயர்ப் பட்டியல். அச்சுப் புத்தகம் போல அகராதி இருக்காது. கப்பல் வாரியாகவோ எண் வாரியாகவோ படம் பிடித்து வைத்திருப்பார்கள். அந்த ஒழுங்கு எது என்பதைக் குறிப்பு வரி சொல்லும். மூலம் எங்கே இருக்கிறது என்பதும் அதே வரியில் இருக்கும்.

என்ன சொல்லைப் போட்டுத் தேடுவது

'தமிழ்' என்று மட்டும் போட்டால் பாதிக்கு மேல் தவறிப்போகும். உலகின் பல பெரிய நூலகங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளைப் பின்பற்றுகின்றன. அந்தப் பட்டியலில் இந்தியாவுக்கு வெளியே குடியேறிய இந்தியர் 'ஈஸ்ட் இண்டியன்ஸ்'. ஆகவே ஆங்கில எழுத்தில் 'ஈஸ்ட் இண்டியன்ஸ்' என்பதோடு நாட்டின் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள். அடுத்து 'இண்டென்சர்டு', 'காண்ட்ராக்ட் லேபர்', 'பாசஞ்சர் லிஸ்ட்ஸ்'. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களுக்கு 'கூலி' என்ற சொல்லையும் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. மனத்துக்குக் கசப்பான சொல்தான், ஆனால் அக்கால அறிக்கைகளின் தலைப்பு அப்படித்தான். இலங்கை, மொரீசியஸ், ரீயூனியன் சார்ந்த பழைய பதிவுகளில் தமிழரை 'மலபார்' என்று எழுதினார்கள். தெலுங்கர் 'ஜெண்டு'.

டூயி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகத்தில் குடும்ப வரலாற்றுக்குரிய எண் 929. அந்த அலமாரிக்குப் போய் நின்றால் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போனவர்களைப் பற்றிய தொகுதிகளே கண்ணில் படும். வில்லியம் ஃபில்பி 1981-இல் தொடங்கிய 'பாசஞ்சர் அண்ட் இமிக்ரேஷன் லிஸ்ட்ஸ் இண்டெக்ஸ்' அந்த வகையில் மிகப் பெரியது. தலைப்பைப் பார்த்து ஆசைப்பட்டு அதில் ஒரு நாளைச் செலவழிக்காதீர்கள். அது வட அமெரிக்கா பக்கம் போய் இறங்கியவர்களுக்கானது. நமக்கு வேண்டியவை 325-இல், அதாவது குடிபெயர்வும் குடியேற்றமும் என்ற பிரிவில் இருக்கும். 331-இல் தொழிலாளர் பற்றியவை, 968-இல் தென்னாப்பிரிக்க வரலாறு. ரங்கநாதனின் கோலன் பகுப்பைக் கையாளும் பல்கலைக்கழக நூலகங்களில் எண் வேறாக இருக்கும். அங்கே குறிப்புதவிப் பகுதியில் இருப்பவரிடம் 'எமிக்ரேஷன்' எந்த எண்ணில் என்று கேட்டுவிடுவதே நல்லது. கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல நூலகருக்கு அது பிடித்த கேள்வி.

ஓர் எண் கிடைத்தால் ஒரு வாழ்க்கை கிடைக்கும்

நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். ஒன்றில் தொடங்கி 1,52,184 வரை தொடர் எண். திருமணப் பதிவு, தோட்ட மாற்றம், இறப்பு, ஊர் திரும்பும் அனுமதி என்று எந்தக் காகிதத்திலும் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண் இருக்கும். மனிதரை எண்ணாகச் சுருக்கிய கொடுமை அது. ஆனால் பேரப்பிள்ளைகளுக்கு இன்று அவரைக் கண்டுபிடித்துத் தருவதும் அதே எண்தான். டர்பன் பக்கம் உறவு இருந்தால் முதலில் அவர்கள் வீட்டுப் பழைய காகிதங்களில் எண் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழின் ஓரத்தில்கூட அப்பா எண், அம்மா எண் என்று எழுதியிருப்பார்கள்.

கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா அல்லது தாணா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். வயது உத்தேசம்தான். முப்பது என்றால் இருபத்தாறாகவும் இருக்கலாம். அங்க அடையாளத்தை நம்பலாம், ஏனென்றால் அது அதிகாரி கண்ணால் பார்த்து எழுதியது. சாதிப் பத்தியைப் பொறுத்தவரை, குமாஸ்தா கேட்டதும் ஆள் சொன்னதும் எழுதப்பட்டதும் ஒன்றாக இருந்தன என்று எண்ணிவிட வேண்டாம். இப்போது வாழ்கிற உறவினர்களின் பெயரோடு அந்தப் பத்தியைச் சேர்த்துப் பரப்புவதும் வேண்டாம்.

கப்பலின் பெயரோடு ஓர் எண்ணும் வரும். 'உம்லாசி' 5, 'பொங்கோலா' 12 என்பது போல. அது அந்தக் கப்பல் எத்தனையாவது நடையில் ஆட்களைக் கொண்டுவந்தது என்பதைக் குறிக்கும். அதை எழுதாமல் 'உம்லாசியில் வந்தார்' என்று மட்டும் குறித்துக்கொண்டால், அதே கப்பலின் பல நடைகளையும் புரட்ட வேண்டிவரும்.

பெயர் எழுத்து பெரிய சோதனை. நம் முனிசாமி அங்கே 'மூன்சாமி', சின்னசாமி 'சின்சாமி', கிருஷ்ணசாமி 'கிஸ்ட்னசாமி'. உகரத்தை இரண்டு 'ஓ' போட்டும் எழுதினார்கள், ஒரு 'யு' போட்டும் எழுதினார்கள். ககரத்தில் தொடங்கும் பெயர் ஆங்கில 'சி'-யிலும் இருக்கும், 'கே'-யிலும் இருக்கும். குப்பம்மாளைத் தேடினால் இரண்டு எழுத்தையும் பாருங்கள். பிரெஞ்சுத் தீவுகளில் இன்னொரு கோலம். அங்கே முத்துசாமி 'மூத்துசாமி', லட்சுமணன் 'லாச்சுமானன்' ஆனார்கள். வாயால் ஒரு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பெயர் காதுக்குப் பிடிபடும்.

இன்றைய குடும்பப் பெயரை வைத்துக் கப்பல் பட்டியலில் தேடாதீர்கள். கவுண்டர் 'கவண்டர்' ஆகி, முதலியார் 'மூட்லி' ஆகி, அவை பரம்பரைப் பெயராக நிலைத்தது நேட்டால் மண்ணில்தான். கப்பலேறியபோது அவர் வெறும் ஆறுமுகம், தகப்பன் பெயர் வேலன், அவ்வளவுதான். ஆறுமுகங்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். அப்போது செய்ய வேண்டியது, அவருக்கு முன்னும் பின்னும் உள்ள இருபது வரிகளைப் படிப்பது. ஒரே ஊரிலிருந்து அண்ணன் தம்பியும் பங்காளியும் சேர்ந்து போயிருப்பார்கள், அடுத்தடுத்த எண் வாங்கியிருப்பார்கள். தகப்பன் பெயர் ஒன்று, கிராமம் ஒன்று என்று இரண்டு வரி சேர்ந்துவிட்டால் உங்கள் ஆறுமுகம் எவர் என்று தெரிந்துவிடும்.

பெண்களைத் தனியாகத் தேடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற விகிதத்தில் அனுப்ப வேண்டும் என்பது விதி. அதனால் பெண்களும் கணிசமாகப் போனார்கள், தனியாகவும் போனார்கள். விதவையானவர், கணவனை விட்டு வந்தவர், பஞ்சத்தில் எல்லோரையும் இழந்தவர் என்று பலர். ஊரில் அவர்களைப் பற்றிப் பேசாமல் விட்டுவிட்டார்கள். குடும்ப மரத்தில் அவர்கள் கிளை வெட்டப்பட்டிருக்கும். ஆனால் கப்பல் பட்டியலில் அவர்களுக்குச் சொந்த எண், சொந்த வரி, தகப்பன் பெயர் எல்லாம் இருக்கின்றன. 'அத்தை ஒருத்தி காணாமல் போய்விட்டாள்' என்ற கதை உங்கள் வீட்டில் இருந்தால் அவருக்காகவும் அந்தப் பக்கங்களைப் புரட்டுங்கள்.

ஊரைக் கண்டுபிடிப்பது

பட்டியலில் கிடைத்த ஊர்ப் பெயர் சிதைந்து இருக்கும். அதை நேராக இன்றைய வரைபடத்தில் தேடுவதில் பயனில்லை, ஏனென்றால் ஜில்லா எல்லைகளே மாறிவிட்டன. திருவண்ணாமலை தாலுகா 1911 வரை தென்னாற்காட்டில் இருந்தது. திருப்பத்தூர் அதே ஆண்டு வரை சேலத்தில். சித்தூர் அதுவரை வடஆற்காட்டின் ஒரு பகுதி. அந்த ஆண்டில்தான் அது தனி ஜில்லா ஆனது. ராமநாதபுரம் ஜில்லாவே 1910-இல்தான் பிறந்தது. ஆகவே 'வடஆற்காடு, சித்தூர்' என்று இருந்தால் இன்றைய ஆந்திராவில் தேட வேண்டும். 'சேலம், திருப்பத்தூர்' என்றால் சேலத்துக்குப் பஸ் ஏறாதீர்கள்.

இதற்குக் கைகொடுப்பவை அக்காலத்து ஜில்லா மேனுவல்களும் கெசட்டியர்களும். தென்னாற்காட்டுக்கு கார்ஸ்டின் (1878), திருச்சிராப்பள்ளிக்கு மூர் (1878), வடஆற்காட்டுக்கு காக்ஸ் (1881), தஞ்சாவூருக்கு வெங்கசாமி ராவ் (1883). கப்பலேறிய ஆண்டுக்கு மிக அருகிலுள்ள பதிப்பைக் கேளுங்கள். பதிவில் பதிப்பு ஆண்டைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். மறுஅச்சாக இருந்தால் மூலப் பதிப்பின் ஆண்டும் குறிப்பில் இருக்கும், அதையே கணக்கில் கொள்ளுங்கள். மெக்லீன் தொகுத்த சென்னை மாகாண மேனுவலின் மூன்றாம் தொகுதி (1893) சொல் அகராதி. ஆங்கிலேயர் எழுதிய ஊர்ப் பெயர் தமிழில் எது என்று அது பல இடங்களில் சொல்லிவிடும். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இவற்றைத் தேடத் தொடங்க வேண்டிய இடங்கள். சென்னையில் குடியேற்றக் காப்பாளர் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகள் கிடைத்தால் அவற்றையும் பாருங்கள். எந்தக் கப்பலில் எத்தனை பேர் என்ற தொகைதான் வரும், பெயர் வராது. இருந்தாலும் தேதி சரிபார்க்க உதவும்.

மற்ற நாடுகள்

மொரீசியசுக்கு 1834 முதல் நாலரை லட்சம் பேர் போனார்கள். அவர்களுடைய பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பலருடைய புகைப்படம்கூட இருக்கிறது. அங்கேயும் எண்தான் சாவி. புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரீயூனியன், மார்ட்டினிக், குவாதலூப் போனவர்களுக்குப் பிரெஞ்சு ஆவணங்களே வழி. 'ஓரேலி' கப்பல் 1853-இல் மார்ட்டினிக்கையும் 1854-இல் குவாதலூப்பையும் அடைந்தது. பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளைத் தேடுங்கள்.

இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனவர்களின் நிலை வேறு. கங்காணி வந்து ஊரிலிருந்து கூட்டிப்போன முறையில் ஆளுக்கு ஒரு வரி எழுதும் பட்டியல் உருவாகவில்லை. பெயரை விட்டுவிட்டுத் தோட்டத்தைப் பிடிக்க வேண்டும். இலங்கைக்கு ஃபெர்குசனின் டைரக்டரி ஆண்டுக்காண்டு வந்த குறிப்புதவி நூல். தோட்டம், உரிமையாளர், பரப்பு எல்லாம் அதில் உண்டு. தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறு என்பதால், பாட்டி சொன்ன தோட்டப் பெயரை மலையகத்து முதியவர் ஒருவரிடம் கேட்டு ஆங்கிலப் பெயரைத் தெரிந்துகொண்ட பிறகே டைரக்டரியைத் திறக்கவும். மார்ஜோரிபேங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் இருவரும் 1917-இல் எழுதிய அறிக்கை இலங்கை, மலேயா இரண்டுக்கும் ஆள் எடுத்த விதத்தை விளக்குகிறது. மலேயாவுக்கு சாந்து 1969-இல் வெளியிட்ட 'இண்டியன்ஸ் இன் மலாயா' நூலின் பின்னாலுள்ள துணைநூற்பட்டியலே ஒரு தனி வழிகாட்டி. இலங்கைத் தமிழ் வெளியீடுகளை 'நூலகம்' மின்னூலகத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம்.

காப்பகத்துக்கு எழுதும்போது

நூலகப் பதிவில் தொடங்கிய தேடல் கடைசியில் ஒரு காப்பகத்துக்கு எழுதும் கடிதத்தில் வந்து நிற்கும். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. குடும்பக் கதை முழுவதும் வேண்டாம். எண் தெரிந்தால் முதல் வரியிலேயே எண். தெரியாவிட்டால் பெயரின் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள், தகப்பன் பெயர், உத்தேச ஆண்டு, கப்பலும் அதன் நடை எண்ணும், ஜில்லா. எந்த நூலில் அல்லது எந்த ரீலில் பார்த்தீர்கள் என்பதை அழைப்பு எண்ணோடு குறிப்பிடுங்கள். ஒருவருக்குரிய வரியை மட்டும் நகல் எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். பத்தித் தலைப்புகள் தெரியும்படி முழுப் பக்கத்தையும், அதற்கு முந்தைய பக்கத்தையும், பிந்தைய பக்கத்தையும் கேளுங்கள். நகல் வந்த அன்றே ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் காப்பகத்தின் பெயர், தொகுதி எண், பக்க எண், பெற்ற தேதி நான்கையும் பென்சிலால் எழுதிவிடுங்கள்.